45 டிகிரி பொய் சொல்கிறதா? வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தின் ஓரத்தில், பள்ளி விடுமுறைக்கு ஐஸ்கிரீம் குச்சி, ரப்பர் வளையம், பாட்டில் மூடி, இந்த மூன்றையும் வைத்து ஒரு கவண்பொறி செய்து பாருங்கள், சந்தேகம் வந்தால் எழுதுங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்தது சந்தேகம் இல்லை, வழக்கு. பாதிப் பேர் புத்தகத்தின் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள், இரண்டு பேர் என் மேலேயே. கவண்பொறி என்று நான் எழுதியதைப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டபல்ட் என்றே எழுதியிருக்கிறார்கள், சரி, நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும், எந்தக் காணொளியைப் பார்த்தாலும் 45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும் என்கிறார்கள். நான் கேட்டபல்ட்டை மேசை மேல் வைத்துக் கோலிக் குண்டை எறிந்தேன். 45 டிகிரியில் 140 சென்டிமீட்டர் போனது, 30 டிகிரியில் 150. ஐந்து தடவை செய்தும் இதேதான். நான் தப்பா, புத்தகம் தப்பா?
– நான்காம் படிவ மாணவி, நிபோங் திபால்

பதில்: நீயும் தப்பில்லை, புத்தகமும் தப்பில்லை. புத்தகம் போட்ட நிபந்தனையை யாரும் உனக்குப் படித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். எறியும் இடமும் விழும் இடமும் ஒரே உயரத்தில் இருந்து, காற்றுத் தடையும் இல்லாவிட்டால், அப்போது மட்டும் வருகிற விடை 45. உன் கோலி மேசையில் கிளம்பித் தரையில் விழுகிறது. அது வேறு கணக்கு.

இருபது காசு நாணயம் இரண்டு எடுத்துக்கொள். ஒன்றை மேசை விளிம்பில் வை, இன்னொன்றை அதே உயரத்தில் விரலில் பிடி. விளிம்பில் இருப்பதைச் சுண்டிவிடுகிற அதே கணத்தில் விரலில் இருப்பதை விட்டுவிடு. ஒன்று நேராகக் கீழே விழும், மற்றது அறையின் அந்தப் பக்கம் ஓடும், ஆனால் தரையில் 'டக்' என்று ஒரே சத்தம்தான் கேட்கும். (இரண்டு சத்தம் கேட்டால் ஒரு கை முந்திவிட்டது, திரும்பச் செய்.) 75 சென்டிமீட்டர் உயர மேசை என்றால் இரண்டுக்குமே 0.39 விநாடி. பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கீழே விழுகிற வேலை அதைக் கண்டுகொள்வதே இல்லை. எறிபொருள் இயக்கம் என்று நாம் மிரளுகிற பாடம் முழுவதும் இந்த ஒரு சங்கதிதான், மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்.

இப்போது உன் கோலிக்கு வருவோம். அது போகும் தூரம் என்பது பக்கவாட்டு வேகத்தைக் காற்றில் இருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. நெட்டுக்குத்தாக எறிந்தால் நேரம் நிறையக் கிடைக்கும், பக்கவாட்டு வேகம் இருக்காது. படுக்கையாக எறிந்தால் வேகம் இருக்கும், நேரம் கிடைக்காது. தரையிலிருந்து தரைக்கு எறியும்போது இந்த இரண்டுக்கும் பஞ்சாயத்து 45இல் முடிகிறது. ஆனால் மேசை மேல் வைத்தால் அந்த உயரமே கொஞ்சம் நேரத்தை இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. சும்மா கிடைக்கிற நேரத்தைச் சம்பாதிக்க எதற்கு வேகத்தைச் செலவழிப்பானேன்? அதைப் பக்கவாட்டுக்குக் கொடுத்தால் லாபம். அதனால்தான் நல்ல கோணம் கீழே இறங்குகிறது.

நீ கொடுத்த அளவுகளை வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேசை 75 சென்டிமீட்டர், கோலி கிளம்பும் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 45 டிகிரிக்கு 141, 30 டிகிரிக்கு 149 வருகிறது. உன் அளவோடு ஒரு சென்டிமீட்டர்தான் முன்னே பின்னே. உண்மையிலேயே சிறந்த கோணம் 31.6 டிகிரி, ஆனால் 30இலிருந்து அங்கே போனால் ஒரு மில்லிமீட்டர்தான் கூடும், அதற்காக மெனக்கெட வேண்டாம். வேகம் கூடக் கூட மேசையின் செல்வாக்குக் குறைந்துகொண்டே போகும். அதே மேசையிலிருந்து விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் எறிந்தால் சிறந்த கோணம் 44.8 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட புத்தகத்து 45. குண்டு எறிதல் வீரர்களைக் கவனித்திருக்கிறாயா? அவர்களும் 45க்கு நன்றாகக் கீழேதான், 35 முதல் 38 டிகிரி வாக்கில் விடுகிறார்கள். குண்டு தோளுக்கு மேலிருந்து கிளம்புவது ஒரு காரணம், மேல்நோக்கித் தள்ளத் தள்ள மனிதக் கைக்குத் திராணி குறைவது அதைவிடப் பெரிய காரணம்.

உன் அளவு கணக்கோடு பொருந்துவதால் நீ கோலியின் கோணத்தைத்தான் அளந்திருக்கிறாய். எனக்கு எழுதிய வேறு சிலர் குச்சியின் கோணத்தை அளந்து அனுப்பியிருக்கிறார்கள், அது வம்பு. கோலி, குச்சி நீட்டிக்கொண்டிருக்கிற திசையில் போகாது. குச்சிக்குக் குறுக்கே, அது சுழல்கிற திசையில் போகும். குச்சி நேராக நிமிர்ந்து நிற்கும்போது, அதை நிறுத்துகிற தடையில் தட்டினால் கோலி படுக்கையாகப் பறக்கும். கோலி 30 டிகிரியில் கிளம்ப வேண்டுமானால் குச்சி பின்பக்கம் சாய்ந்து, தரையோடு 60 டிகிரியில் இருக்கும்போதே தடுக்க வேண்டும். நம்பிக்கை இல்லாவிட்டால் சுவரில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, கைப்பேசியில் ஸ்லோமோஷன் எடுத்துப் பார். விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசி என்றால் உன் கோலி ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் நகரும், வேகம், கோணம் இரண்டையும் அதிலேயே எடுத்துவிடலாம்.

எங்கள் காலத்தில் இந்த வசதி எல்லாம் இல்லை. நான் படிக்கும்போது செய்முறைத் தேர்வில் 38 டிகிரி என்று அளந்ததை அப்படியே எழுதி, 'விடை 45 என்று தெரியாதா' என்று சிவப்பு மையில் வாங்கியவன். யார், எந்தப் பள்ளி என்பதெல்லாம் வேண்டாம். மேசை மேல் வைத்து எறியச் சொன்னது அந்தச் சிவப்பு மை ஆசிரியர்தான்.

கேள்வி: இந்த 45ஐ முதலில் சொன்னது யார்? கலிலியோவா?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: கலிலியோவுக்கு முன்பே இத்தாலியில் தார்த்தாலியா என்ற கணித ஆசிரியர் 1537இல் அச்சிட்ட நூலில் சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், விடை சரி, படம் தப்பு. குண்டு முதலில் நேர்கோட்டில் போகும், அப்புறம் கொஞ்சம் வளையும், அப்புறம் நேராகக் கீழே விழும் என்று மூன்று துண்டாக வரைந்திருந்தார். பாதை முழுவதும் ஒரே பரவளைவு, அதாவது துண்டு துண்டாக இல்லாமல் ஏறி இறங்கும் ஒரே வளைகோடு என்று காரணத்தோடு காட்டியது கலிலியோதான், அது அச்சில் வந்தது 1638இல்.

நீங்கள் ஜார்ஜ் டவுன்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். கோர்ன்வாலிஸ் கோட்டையில் கடலைப் பார்த்தபடி இருக்கிற ஸ்ரீ ரம்பாய் பீரங்கி 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. அதாவது குண்டு எந்தப் பாதையில் போகிறது என்று கலிலியோ அச்சில் சொல்வதற்கு 35 வருடம் முன்பே அந்தப் பீரங்கி தயார். சுடுகிறவனுக்குப் பரவளைவு தெரியாது, கை தெரியும், கண் தெரியும், போன தடவை எங்கே விழுந்தது என்று தெரியும். அடுத்த தடவை எஸ்பிளனேட் பக்கம் போனால் அதன் வாய் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளை ஒரு கைப்பேசி எடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சார், ஐந்தாம் படிவத்தில் மீள்மைப் பாடம் நடக்கிறது. இழுவையை இரு மடங்காக்கினால் ஆற்றல் நான்கு மடங்கு என்று படித்தோம். அப்படியானால் தூரமும் நான்கு மடங்கு ஆக வேண்டும் இல்லையா? 45 டிகிரியில் ரப்பரை 4 சென்டிமீட்டர் இழுத்தபோது 79 சென்டிமீட்டர் போனது, 8 இழுத்தபோது 205தான். படம் அனுப்பியிருக்கிறேன்.
– ஐந்தாம் படிவ மாணவன், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, உன் படத்தில் கேட்டபல்ட்டை விட மேசைதான் பெரிதாகத் தெரிகிறது. குற்றவாளிகள் இரண்டு பேர், அதில் பெரியவன் அந்த மேசை.

ஆற்றல் நான்கு மடங்கு ஆனால் வேகம் இரண்டு மடங்கு, அது சரி. வேகம் இரண்டு மடங்கு ஆனால் தூரம் நான்கு மடங்கு, இது தரையிலிருந்து தரைக்கு மட்டும். உன் 79 சென்டிமீட்டருக்குக் கிளம்பும் வேகம் விநாடிக்குச் சுமார் 2 மீட்டர். அதே வேகத்தில் தரையில் வைத்து எறிந்திருந்தால் 41 சென்டிமீட்டர்தான் போயிருக்கும், 4 மீட்டர் வேகத்தில் 163. பார், அச்சாக நான்கு மடங்கு. 75 சென்டிமீட்டர் மேசையில் ஏற்றினால் இவை 79 என்றும் 219 என்றும் மாறிவிடும். மேசை முதல் தடவை 38 சென்டிமீட்டரும் இரண்டாம் தடவை 56 சென்டிமீட்டரும் கொசுறு போடுகிறது. இரண்டு எண்ணிலும் கொசுறைச் சேர்த்துவிட்டு விகிதம் பார்த்தால் நான்கு எப்படி வரும்?

ஆக, உனக்கு வந்திருக்க வேண்டியது 219, வந்தது 205. காணாமல் போன அந்த 14 சென்டிமீட்டருக்கு ரப்பரைப் பிடி.

ரப்பர் நம் வீட்டுப் பொருள். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் தொடங்கி, மலாயா முழுக்கத் தோட்டமாகி, நம் தாத்தா பாட்டி பாதிப் பேர் விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனது எல்லாம் அந்த மரத்துக்காகத்தான். ஆனால் நம் வீட்டுப் பொருளின் குணமே நமக்குச் சரியாகத் தெரியாது. நாசி லெமாக் பொட்டலத்தில் வரும் ரப்பர் வளையத்தை (கழுவிவிட்டு) எடுத்து, சடாரென்று இழுத்து உடனே மேல் உதட்டில் வைத்துப் பார். சூடு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் பிடித்திருந்து, சட்டென்று தளர்த்தி உதட்டில் வை. குளிரும். ஸ்பிரிங்கில் இப்படி உணர முடியாது. ரப்பரை இழுத்து விடும்போதெல்லாம் வெப்பமும் சேர்ந்து விளையாடுகிறது, நீ கொடுத்த ஆற்றலில் ஒரு பங்கைக் கமிஷன் மாதிரி எடுத்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறது.

இன்னொன்று, இழுவை இரு மடங்கானால் விசையும் இரு மடங்கு என்று பாடத்தில் வருகிற நேர்கோட்டு விதிக்கு ரப்பர் ஒழுங்காகக் கட்டுப்படாது. இழுக்க ஆரம்பிக்கும்போது கொஞ்சம் கடினம், நடுவில் இளகிக் கொடுக்கும், அறுபடப் போகிற நேரத்தில் திரும்பவும் இறுகும். வரைபடம் போட்டால் நெளிந்த கோடுதான் வரும். இழுத்தே வைத்திருந்தால் பலமும் தளர்ந்துகொண்டே போகும், அதனால் 'ஒன்று இரண்டு மூன்று' என்று எண்ணிவிட்டு விடுகிற ஆள் ஒவ்வொரு தடவையும் அதே மூன்று வரை எண்ண வேண்டும். அண்ணன் தம்பி இருவரும் மாறி மாறி எறிந்து அளவு எழுதினால், ஒருவன் சுறுசுறுப்பு, ஒருவன் மந்தம் என்றால், அளவும் அப்படியே சிதறும்.

சோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் கேட்டபல்ட் வைத்திருக்கிற உயரத்திலேயே கோலி விழுகிற மாதிரி வை. தரையில் வைத்துத் தரையில் விழவிடு. விழுந்த இடம் தெரிய ஒரு தட்டில் மைலோ தூளைப் பரப்பி வைக்கலாம், அம்மாவிடம் கேட்டுவிட்டு.

கேள்வி: லேசான பந்து அதிக தூரம் போகுமா, கனமான பந்தா?
– ஆறாம் ஆண்டு மாணவர்கள், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நடுவில் இருப்பது. ரப்பர் பந்தை மட்டும் தள்ளுவதில்லை, குச்சியையும் மூடியையும் சேர்த்துத்தான் தள்ளுகிறது. கசக்கிய காகித உருண்டை வைத்தால் ஆற்றலில் பெரும்பங்கைக் குச்சியே எடுத்துக்கொண்டு தடையில் போய் முட்டி வீணாக்கும், காகிதத்துக்குக் கிடைத்த கொஞ்சத்தையும் காற்று பிடுங்கிக்கொள்ளும். ரொம்பக் கனமாக வைத்தால் வேகமே வராது. பிங்பாங் பந்து 2.7 கிராம், ஆனால் உடம்பு பெரிது என்பதால் காற்றில் மாட்டிக்கொள்ளும். ஒரே அளவு களிமண் உருண்டைகளில் எடை மட்டும் மாற்றிப் பாருங்கள், ஓரிடத்தில் தூரம் உச்சத்துக்குப் போய் மறுபடி இறங்கும். அந்த உச்சம் எத்தனை கிராமில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கேட்டபல்ட் எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பா? நம்மிடம் இல்லையா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இருந்தது. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளுக்கு ஒரு பட்டியலே வருகிறது. வளைவிற் பொறி, கல்லுமிழ் கவண் என்று போகும். கவண் என்ற சொல் அதற்கும் பழையது, தினைப்புனத்தில் கிளி ஓட்டிய பெண்கள் கையில் இருந்ததும் அதுதான். ஆனால் இதை வைத்து 'உலகத்திலேயே முதலில் நாம்தான்' என்று குடும்பக் குழுவில் அனுப்பிவிடாதீர்கள். இளங்கோ பெயர்களைத் தருகிறார், அளவோ படமோ தரவில்லை. சீனாவில் பல பேர் கயிற்றைப் பிடித்து ஒரே நேரத்தில் இழுத்துக் கல் எறிகிற பொறி கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இருந்தது. கிரேக்கர்களும் ரோமர்களும் நரம்பையும் மயிரையும் கயிறாக முறுக்கி, அந்த முறுக்கின் பலத்தில் எறிந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது பிற்பாடு வந்த ட்ரெபுஷே. தமிழ்நாட்டில் கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். நீளக் கழியின் ஒரு முனையில் பாரம், மறு முனையில் வாளி, நடுவில் அச்சு. ஏற்றத்தில் பாரம் வாளியை மெதுவாகத் தூக்க உதவுகிறது. ட்ரெபுஷேயில் பாரத்தை டன் கணக்கில் ஏற்றி, வாளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கவண் கயிற்றைத் தொங்கவிட்டுப் படாரென்று விடுகிறார்கள். பாரம் குட்டைக் கையில், கல் நெட்டைக் கையில். பாரம் ஒரு முழம் இறங்குவதற்குள் கல் பல முழம் ஓடியாக வேண்டும், அதற்கு மேல் கவண் கயிறு கையை இன்னும் நீளமாக்கி வேகத்தைக் கூட்டுகிறது. நன்றாகச் சரிசெய்த பொறியில் கல் கிளம்புகிற நேரம் கழியும் பாரமும் ஏறத்தாழ ஓய்ந்து நிற்கும், ஏனென்றால் ஆற்றலைக் கல்லிடம் கொடுத்துவிட்டார்கள். ஐஸ்கிரீம் குச்சி தடையில் போய் முட்டுகிறதே, அதோடு ஒப்பிட்டால் எவ்வளவு சிக்கனம் பாருங்கள்.

1304இல் இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் கோட்டையை முற்றுகையிட்டபோது 'போர் ஓநாய்' என்று பேர் வைத்து ஒரு ராட்சத ட்ரெபுஷே கட்டினான். கட்டி முடிப்பதற்குள் உள்ளே இருந்தவர்கள் சரண் என்று வந்துவிட்டார்கள். எட்வர்ட் ஏற்றுக்கொள்ளவில்லை, உள்ளே போங்கள், நான் இதை எறிந்து பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பி, எறிந்து பார்த்த பிறகுதான் சரணடைய விட்டான். புது பொம்மை வாங்கின பையன் புத்தி ராஜாவுக்கும் உண்டு.

கேள்வி: ஃபைஸ் சுப்ரியின் கோல் எந்தப் பரவளைவு? பந்து பாதி வழியில் திசை மாறுகிறதே!
– கால்பந்து ரசிகர், பிறை

பதில்: 2016 பிப்ரவரியில் பகாங்குக்கு எதிராகப் பினாங்குக்காக ஏறத்தாழ 30 மீட்டரிலிருந்து அடித்து, அந்த வருடத்தின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதை வாங்கித் தந்த ஃப்ரீகிக்கைத்தானே சொல்கிறீர்கள்? நூறு தடவை பார்த்திருப்பேன். அது பரவளைவே இல்லை. இதுவரை நான் போட்ட கணக்கில் எல்லாம் காற்றை வெளியே நிற்க வைத்திருந்தேன். மெதுவாகப் போகும் கோலிக்கு அது பரவாயில்லை, கால்பந்துக்குச் செல்லாது. பந்து சுழன்றுகொண்டே போனால் ஒரு பக்கத்துக் காற்றைத் தள்ளிவிட்டு மறு பக்கம் வளையும். சுழற்சி ரொம்பக் குறைவாக இருந்தாலோ, தையல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பின்னால் சுழிக்கும் காற்று இடம் மாறி மாறி, பந்து குடிகாரன் மாதிரி தள்ளாடும், கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்த பிறகு மறு பக்கம் போகும்.

காற்று என்ன செய்யும் என்பதற்கு நம் ஊர் உதாரணம் பேட்மிண்டன் இறகுப் பந்துதான். நம் டான் பூன் ஹியோங் 2013இல் ஒரு சோதனையில் மணிக்கு 493 கிலோமீட்டர் ஸ்மாஷ் அடித்தார், 2023இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அதை 565 ஆக்கினார். காற்றே இல்லாத உலகத்தில் அந்த 565ஐ 45 டிகிரியில் அடித்தால் பந்து இரண்டரை கிலோமீட்டர் போகும், ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் நின்று அடித்தால் பட்டர்வொர்த் ஃபெரி போகிற வழியில் பாதிக்கு மேல் தாண்டிவிடும். நிஜத்தில் அது கோர்ட்டைத் தாண்டினாலே பெரிய விஷயம். ஐந்து கிராம் எடை, 16 இறகு, அத்தனை இறகும் காற்றுக்குப் பிரேக். அதனால்தான் உயரத் தூக்கி அடித்த பந்து போகும்போது சாய்வாகப் போய், வரும்போது கிட்டத்தட்ட நேராக விழுகிறது.

கேள்வி: ஆறாம் படிவத்தில் எங்கள் ஆசிரியர் கொடுத்த கணக்கு. மரக்கிளையில் ஒரு குரங்கு. கேட்டபல்ட்டில் வாழைப்பழத்தை அதற்கு எறிய வேண்டும். எறிகிற அதே கணத்தில் குரங்கு பயந்து கிளையை விட்டுவிடுகிறது. எங்கே குறி வைப்பது? குரங்குக்கு மேலே என்கிறேன் நான், கீழே என்கிறாள் தோழி.
– மாணவி, ஆயர் ஈத்தாம்

பதில்: இரண்டு பேருக்கும் பழம் இல்லை. நேராகக் குரங்கையே குறி வை.

தண்ணீர்மலை அடிவாரத்தில் நிற்பதாக வைத்துக்கொள், அங்கே குரங்குக்குப் பஞ்சம் இல்லை. பூமி இழுக்காவிட்டால் பழம் நேர்கோட்டில் போய்க் குரங்கிடம் சேரும், குரங்கும் கிளை இருந்த இடத்திலேயே மிதக்கும். பூமி இழுப்பதால் பழம் அந்த நேர்கோட்டிலிருந்து ஒரு விநாடியில் 4.9 மீட்டர் இறங்குகிறது. குரங்கும் அதே ஒரு விநாடியில் 4.9 மீட்டர் இறங்குகிறது. இரண்டும் சமமாக இறங்கினால் சந்திப்பு தவறாது. வேகமாக எறிந்தால் மேலே சந்திக்கும், மெதுவாக எறிந்தால் கீழே, ரொம்ப மெதுவாக எறிந்தால் குரங்கு முதலில் தரையைத் தொட்டுவிடும். மேலே சொன்ன இருபது காசு நாணயம்தான் இதுவும், ஒரு நாணயத்துக்கு வால் முளைத்திருக்கிறது. நிஜத் தண்ணீர்மலைக் குரங்கு கையை விடாது, உன் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும், அதற்குக் கணக்கு இல்லை.

கேள்வி: உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு என் மகன் ஐஸ்கிரீம் குச்சியில் ஆரம்பித்தான். இப்போது கொய்யாக் கவட்டை வெட்டி, சைக்கிள் டியூபைக் கட்டி, லஸ்திக் செய்துவிட்டான். பக்கத்து வீட்டு மாமரத்தைக் குறி பார்க்கிறான். நாங்கள் இருப்பது தாமான், நெருக்கமான வீடுகள். இதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?
– ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, இதில் நான் அவன் பக்கம் இல்லை. சின்ன வயதில் தோட்டத்தில் ரப்பர் கொட்டையை வைத்து நானும் அடித்திருக்கிறேன், ஆனால் கணக்கைப் பாருங்கள். ஐஸ்கிரீம் குச்சியில் கிளம்புகிற 5 கிராம் கோலியின் ஆற்றல் 0.02 ஜூல் சொச்சம், பட்டால் தட்டிவிட்டுக்கொள்ளலாம். 10 கிராம் கல் லஸ்திக்கில் விநாடிக்கு 40 மீட்டரில் கிளம்பினால் 8 ஜூல், முந்நூறு மடங்குக்கு மேல். கண்ணில் பட்டால் கண் போச்சு. மேலே பார்த்துத்தானே அடிக்கிறேன் என்பான், மேலே போன கல்லும் வேகத்தோடுதான் கீழே வரும், யார் வீட்டு வாசலில் யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

கல்லை முதலில் வாங்கி வைத்துவிடுங்கள். ஆசை அடங்காவிட்டால், வீட்டுக்குள் ஒரு கெட்டித் துணியைத் தொங்கவிட்டு அதற்கு முன்னால் காலி டின் கட்டி, ஈரக் காகித உருண்டையால் மட்டும் அடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, கண்ணாடி போட்டுக்கொண்டு. டியூபில் சின்னச் சின்ன வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெயிலில் கிடந்த பழைய ரப்பர் இழுக்கும்போது அறுந்தால் குறி பார்க்கிறவன் முகத்துக்குத்தான் திரும்பி வரும். மாங்காய் வேண்டுமானால் பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுப்பார்கள்.

கேள்வி: உங்களால் என் பேரன் குச்சி வேண்டும் என்று தினம் இரண்டு ஐஸ்கிரீம் கேட்கிறான். சளி பிடித்துவிட்டது.
– பாட்டி, பாயான் லெப்பாஸ்

பதில்: பாட்டி, எழுதுபொருள் கடையில் வெறும் குச்சியே கட்டாக விற்கிறார்கள், ஐஸ்கிரீமை விட மலிவு. இது அவனுக்கும் தெரியும்.